சீரகம் தின்னாமல் விட்ட புல்

குதிரை காய்ந்த புல்லை மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். ஓட்டுக் கூரைமேல் தூறல் விழுந்து, சற்று நின்று, மறுபடி விழுவது போன்ற சத்தம் அது. வேலையை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் யாராவது மணல் சலித்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன். எது தின்கிறது, எது நிறுத்திவிட்டது என்று காது தானாகத் தேடுகிறது.

போன வாரம் டாக்டரம்மா போன் செய்தார். அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்த்த லாயம். குதிரைகளுக்கு மருத்துவரும் அவர்தான், எங்களுக்கு மேலாளும் அவர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"பெருமாளண்ணா, இங்க எல்லாம் மாறுது. மூட்டையில குச்சித் தீவனம் வருது. புதுசா மூணு பேரு வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. குதிரை புல் திங்கலைன்னா என்ன செய்யணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. தீவன ரூம் கதவுல ஒட்டணும்."

"ஒரு பக்கம் போதுங்களா?"

"போதும். உங்கள விட்டா மேகம், மழைன்னு போயிடுவீங்க. கதவு தாங்காது."

மேகமும் மழையும் இல்லாமல் எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது.

நான் கெங்கவல்லிக்காரன். அப்பா மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டார். எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. லாரியில் கிளீனராகப் போனேன். ரிக் வண்டியோடு வடக்கே போய், பாஷை தெரியாத ஊர்களின் பாறைகளைத் துளைத்துத் தண்ணீர் பார்த்தேன். திரும்பி வந்த ஒரு மத்தியானம் லாரி பஞ்சராகி நின்ற இடத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செங்குதிரை மென்றுகொண்டிருந்தது. மெல்வதை நிறுத்தி என்னைப் பார்த்தது. பிறகு, பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல மறுபடி மெல்லத் தொடங்கியது. லாரி கிளம்பியது. நான் ஏறவில்லை.

முதல் மூன்று வருடம் லத்தி அள்ளினேன், குளம்பு சுரண்டினேன், மிதி வாங்கினேன். படிப்பு அவ்வளவுதான். கூட வேலை பார்த்தவர்கள் மேற்கத்தி ஆட்கள். "ஏனப்பா, ஒரு 'ங்க' போட்டாத்தான் உனக்கென்ன குறஞ்சா போயிரும்? குதிரைகூட மூஞ்சியச் சுளிக்குது பாரு" என்று கிண்டல் செய்வார்கள். பிறகு போடப் பழகிக்கொண்டேன். குதிரைகளிடமும் போட்டுத்தான் பேசினேன்.

புல்லுக்கு முகம் திருப்பும் குதிரைகள் என் கைக்கு வந்தது எப்படியென்று சொல்லத் தெரியவில்லை. அவசரக்காரனான எனக்கு அவற்றின் முன்னால் மட்டும் அவசரம் வராது. அதனாலாக இருக்கலாம்.

கதவில் ஒட்ட வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் சில இடத்தில் உப்பு. தாகம் அடங்காத குதிரைக்குக் காய்ந்த புல் தொண்டையில் முள். அப்புறம் பல். கடைவாயில் பல் கூர்த்திருந்தால் மென்றதை உருண்டை உருண்டையாகக் கீழே துப்பும். அரம் வைத்து ராவினால் சரியாகிவிடும். கொள்ளைக் குறைக்க வேண்டும். புல் போட்ட பிறகுதான் கொள்ளு, ஒருநாளும் அதற்கு முன்னால் கூடாது. புல்லை உதறித் தூசு போக்கி, கட்டாகப் போடாமல் கைப்பிடி கைப்பிடியாக நாலு இடத்தில் போட வேண்டும்; தேடித் தின்பது குதிரைக்குப் பிடிக்கும். உப்புத் தண்ணீரை விரல் நுனியால் தெளிக்கலாம். பக்கத்தில் நன்றாகத் தின்னும் ஒரு குதிரையைக் கட்டலாம். பிறகு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அது தின்னாது. எத்தனையோ சாயங்காலங்களில் சேர்வராயன் மலை நீலமாகி, சாம்பலாகி, இல்லாமல் போவதைப் பார்த்தபடி முதுகுக்குப் பின்னால் அந்த முதல் தூறலுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். அது விழும் நேரத்தில் உடம்பு முழுதும் ஒரு குளிர்ச்சி ஓடும்.

டாக்டரம்மாவின் முறை வேறு. கொட்டிலுக்குள் வந்தால் குதிரையிடம் போக மாட்டார். தீவனத் தொட்டிக்குப் போவார். ஒரு பிடி புல்லை எடுத்து, கண்ணை மூடி முகர்வார். ஒரு தாளை ஒடித்து அது முறிகிற சத்தத்தைக் கேட்பார். வெள்ளைக் கோட்டின் கைமேல் உதறி, விழுகிற தூசின் நிறத்தைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் குதிரை. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என்று நாலு இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு முழு நிமிஷம் வைப்பார். கேட்டதைப் பேனாவால் இடது உள்ளங்கையில் குறித்துக்கொள்வார். அந்த நாலு நிமிஷம் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. யாரையும் திட்டிக் கேட்டதில்லை. ஒருவர் தப்பு செய்துவிட்டால் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டி, "கேளுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு லாயமே பயந்தது.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில் ராசிபுரம் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். குழந்தைவேலு என்று ஒரு கோழிப்பண்ணைக்காரர். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு குதிரை வாங்கியிருந்தார். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனாள். குதிரைகளைக் கணவனும் மனைவியும் பிள்ளைகளாக வளர்த்தார்கள். ராஜா பழுப்புக் குதிரை, எதைப் போட்டாலும் தின்பவன். மற்றது வெள்ளைப் பெட்டை. வெள்ளை உடம்பெல்லாம் சீரகம் தூவினதுபோல் பொடிப் புள்ளி, பெயரும் சீரகம்தான். பச்சைக் குதிரைமசால் தழையிலேயே வளர்ந்தவள். வெயில் ஏறிக் கிணறு இறங்கியதும் மசால் பாத்தி கருகிவிட்டது. காய்ந்த புல்லை அவள் தொடவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்துத்தான் உள்ளே விட்டார்கள். கோழிக்கு நோய் வந்துவிடும் என்று அந்த ஊரில் இதில் சொந்தம், பந்தம் பார்ப்பதில்லை.

"ஏனுங்க, எங்கூட்டுக் கோழி இத்தன நிக்குது, ஒண்ணாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்குமா? அரச்சுக் கொட்டுனா பேசாமத் திங்குது. இந்த மகராசி மட்டும் மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கறா" என்றார் குழந்தைவேலு.

அவர் மனைவி சரசு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நீங்க சமைக்கிற அன்னிக்கு நானும் அப்படித்தானுங்க திருப்பிக்கறேன்."

"கேட்டீங்களா? கோழியத் தவிர ஒருத்தரும் நம்மள மதிக்கறதில்லீங்க."

நான் வேலையைத் தொடங்கினேன். பல் சரியாக இருந்தது. தண்ணீரை மாற்றினேன். கொள்ளை நிறுத்தினேன். மேய்ச்சல் காட்டில் அறுத்து நிழலில் உலர்த்திய கொழுக்கட்டைப் புல் ஒரு கட்டு வாங்கிவரச் சொன்னேன். தேன் நிறத்தில், மழை விட்ட மண் வாசனையோடு வந்தது. நாலு இடத்தில் தூவிவிட்டு முதுகைக் காட்டி நின்றேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் உதடு புல்லைத் தொட்டு விலகும் சத்தம். மூன்றாம் நாள் வெயில் சாயும் நேரம், பின்னால் தூறல் விழுந்தது. திரும்பாமல் நின்றேன். வேலிக்கு அப்பால் சரசும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்; கண் நிறைந்திருந்தது.

அங்கேயே நான் கிளம்பியிருக்கலாம். அல்லது இன்னும் பத்து நாள் அதே போல் நின்றிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவள் கொஞ்சம்தான் தின்றாள்; எனக்கோ ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று கால் அரித்தது. எனவே குழந்தைவேலுவிடம் சொன்னேன்: "புல்ல நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, கோதுமைத் தவிடு ஒரு பங்கு போட்டுப் பிசிறிக் குடுங்க. சீக்கிரம் தேறிடும்."

"அதுக்கென்னுங்க! மில்லுல குடுத்தா அஞ்சே நிமிசம்."

மில் என்றால் அவருடைய தீவன மில். நான் போய்ப் பார்க்கவில்லை. வெளியாள் உள்ளே போகக் கூடாது, அதிலும் மிருகத்தைத் தொட்டவன் போகவே கூடாது என்பது அந்தப் பண்ணைக் கட்டுப்பாடு. மதித்து வெளியிலேயே நின்றேன். நல்ல பிள்ளை மாதிரி.

மறுநாள் கூடையில் வந்ததைச் சீரகம் முகர்ந்தாள், திரும்பிக்கொண்டாள். பழைய பிகு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். வெல்லத் தண்ணீர் தெளித்தேன். உள்ளங்கையில் வைத்து நீட்டி, பாட்டுப்போல ஏதேதோ சொல்லிக் கெஞ்சினேன். என் முகத்துக்காகத் தின்றாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்று நாலு வாய், மறுநாள் மூன்று வாய். மீந்ததை வீணாக்குவானேன் என்று ராஜாவின் தொட்டியில் தள்ளினேன். அவன் தன் பங்கையும் தின்று, அவள் பங்கையும் தின்று, தொட்டியை நக்கினான்.

நான் முகர்ந்து பார்க்கவில்லையா? பார்த்தேன். ஏதோ கோழி வாசனை. அந்தப் பண்ணையில் காற்றிலேயே கோழி வாசனை. குடிக்கும் டீயிலும் அது இருந்தது. வந்து ஒரு வாரத்தில் என் மூக்கு அந்த ஊர்க்காரனாகிவிட்டது. சீரகத்தின் மூக்கு ஆகவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ராஜா வியர்த்து நின்றான். நிழலில் நின்ற குதிரை, கழுத்திலிருந்து சொட்டச் சொட்ட. வயிற்று வலி என்று நினைத்தேன். வயிற்று வலிக்கு நடத்த வேண்டும் என்பதுதான் நான் அறிந்தது. கயிற்றைப் பிடித்து மூன்று சுற்று நடத்தினேன். மூன்றாவது சுற்றில் அவன் பின்கால்கள் குடிகாரன் கால்போல் பின்னிக்கொண்டன. அவன் பெய்த மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "நடத்தாதீங்க! நிறுத்துங்க! ஒரு அடி வைக்க விடாதீங்க" என்றார். "ரெண்டு குதிரைக்கும் தீவனத்த எடுத்துடுங்க. வர்றேன்."

வந்தார். அன்றும் நேராகத் தொட்டிக்குத்தான் போனார். கண்ணை மூடி முகர்ந்தார். நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். திரும்பிக் குழந்தைவேலுவைப் பார்த்தார்.

"இதுல என்ன கலந்தீங்க?"

"புல்லுங்க... தவிட்டுக்குப் பதுலா நம்ம குஞ்சுத் தீவனமுங்க." அவர் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது. "தவிட்டுல என்னுங்க சத்து இருக்குது? குஞ்சுக்குப் போடறதுதானுங்க ஒசத்தி. எளச்சுப்போன புள்ளைக்கு நல்லதக் குடுக்கலாம்னு..."

டாக்டரம்மா கையிலிருந்ததைத் தொட்டியில் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். கோழிக்குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் கலக்கிற மருந்தில் சில உண்டு. கோழிக்கு அது காவல், குதிரைக்கு அது விஷம். நேராக இருதயத்தைப் பிடிக்கும். முறிக்க மருந்து கிடையாது.

குழந்தைவேலு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எம்பட கையாலயே போட்டுட்டனே சாமி" என்றார். அவர் சாமி என்றது ராஜாவை.

அவர் கையால் மட்டுமல்ல. இரண்டு பங்கு போட்டது என் கை.

ராஜா மறுநாள் காலை வெயில் ஏறும் முன் போய்விட்டான். சீரகத்துக்குக் குழாய்வழியாகக் கரித்தூள் கரைத்து வயிற்றில் ஊற்றியிருந்தோம். அசையாமல் நிற்க வைத்தோம். அவளும் போவாளா, நிற்பாளா என்பது இரண்டு நாளில் தெரியும் என்றார் டாக்டரம்மா. அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டார். உள்ளங்கையில் எதையோ எழுதினார். பிறகு கழற்றி என் காதில் மாட்டினார்.

"கேளுங்க."

ஒரு துடிப்பு. ஒரு துடிப்பு. ஒரு துடிப்பு. அப்புறம் ஒன்று வரவில்லை. அந்த இடத்தில் பெரிய வெளி ஒன்று திறந்தது. அறுத்த காட்டில் ஆளில்லாத மத்தியானம்போல. அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு, எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல், அடுத்த துடிப்பு வந்தது.

"அவ திங்க மாட்டேன்னு சொன்னாள்ல," என்றார் டாக்டரம்மா. "அதான் நிக்கிறா."

வேறு எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

இரண்டு நாள் கடந்தது. துடிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. ஆனால் இப்போது அவள் எதையுமே தின்னவில்லை. புதிதாகக் கொழுக்கட்டைப் புல் கொண்டுவந்தோம். நறுக்காமல், கலக்காமல், அறுத்த நீளத்தில். நான் போட்டால் பின்னால் நகர்ந்தாள். சரசு போட்டால் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். மருந்து பிடித்த இருதயம் பட்டினியைத் தாங்காது. என் கையிலிருந்த வித்தை அத்தனையும், வெல்லம், உப்பு, உள்ளங்கை, பாட்டு எல்லாம், அவளுக்கு இப்போது விஷத்தின் வாசனை.

வித்தையை விட்டேன். கொட்டில் சுவரில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு பிடி புல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்து முகர்ந்தேன். டாக்டரம்மா முகர்வதுபோல, கண்ணை மூடி. பிறகு வாயில் வைத்து மென்றேன். முதலில் தூசு, அப்புறம் லேசாக இனிப்பு, அடியில் ஒரு கசப்பு, நிலத்தின் கசப்பு. அவளுக்காகச் செய்தேனா, தண்டனையாகச் செய்தேனா, தெரியாது. மத்தியானம் நகர்ந்தது. கூரை இடுக்கில் விழுந்த வெயில் என் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியது. கோழிகளின் முனகல் தூரத்துக் கடல்போலக் கேட்டது. நான் கடலைப் பார்த்ததில்லை. அப்படித்தான் இருக்கும் என்று அன்று தோன்றியது. கண் செருகியது.

வாயில் பாதி தொங்கிய தாளை யாரோ இழுத்தார்கள்.

கண்ணைத் திறக்கவில்லை. இழுத்த தாள் முறிந்தது. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சூடான மூச்சோடு, தூறல் விழத் தொடங்கியது.

குழந்தைவேலு அவளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். "என்ற கை ஆகாதுங்க. நீங்க கூட்டிப் போங்க. நல்லாருக்காளான்னு மட்டும் சொல்லுங்க போதும்." மாதம் ஒருதரம் ஆத்தூர் பஸ்ஸில் வந்து, லாய வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார். அவரே அங்கும் கால் நனைக்கத் தொட்டி தேடுவார். சீரகம் பிறகு ஓடவில்லை. ஓடக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. நடந்தாள். ஆறு வருடம் நான் போட்ட புல்லை நான் முகர்ந்த பிறகுதான் முகர்ந்தாள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தட்டில் சோறு வைத்தால் என் மனைவி, "மோந்து பாத்தாச்சா? விஷம் நாளைக்குத்தான் வெக்கிறேன், இன்னிக்குத் தின்னு" என்கிறாள்.

இடுப்பு முறிந்து வேலையை விட்டது வேறு கதை. அதில் குதிரையின் தப்பு ஒன்றுமில்லை.

கதவுக்கான காகிதத்தை எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். தண்ணீர், பல், உப்பு எல்லாம் வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'தின்ன மாட்டேன் என்கிற குதிரையை உடனே தின்ன வைக்காதே. அதற்குத் தெரிந்தது உனக்குத் தெரிகிறவரை தொட்டியை வெளியே எடு.'

டாக்டரம்மா கூப்பிட்டார்.

"திங்க வைக்கிறது எப்படின்னு கேட்டா, திங்க வைக்காதேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ராஜாவப் பத்தி எழுதலையே?"

"கதவு தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு தாழ்ப்பாள் விலகியது. வைக்கோல் படுக்கையில் செருப்பு உரசியது.

"சீரகம் புதுத் தீவனத்த மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிட்டா. மூட்டைய எடுக்கச் சொல்லிட்டேன். பிரிச்சுப் பாக்கணும். இப்பப் பழைய புல்லுதான் போட்டிருக்கு."

"தின்னுதுங்களா?"

போனைச் சீரகத்தின் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது.

"கேளுங்க."